ஒரு பீச், ரெண்டு தாம்பரம் ரிட்டன்

ரயில்வேயில் வேலை என்றால் எங்கள் ஊரில் இரண்டே உத்தியோகம்தான் கணக்கு. ஒன்று இன்ஜின் ஓட்டுவது. இன்னொன்று கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு டிக்கெட் கேட்பது. டிக்கெட்டைக் கேட்கிறவருக்கு முன்னால் அதைக் கொடுத்தவர் ஒருவர் இருப்பார் என்று யாருக்கும் தோன்றாது. "டிடிஆராம்மா?" என்பார் சித்தப்பா. "இல்லைங்க சித்தப்பா, கவுன்டர்" என்றால், "சரி, உட்கார்ந்த இடத்து வேலை, வெயில் படாது" என்று முடித்துவிடுவார்.

வெயில் படாது என்பது உண்மை. மற்றதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. சென்னை மின்சார ரயில் தடத்தில், பீச் என்று எல்லோரும் சொல்லும் சென்னைக் கடற்கரைக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே ஒரு நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறேன். எந்த நிலையம் என்பது வேண்டாம். ஆர்.ஆர்.பி. என்கிற ரயில்வே தேர்வு வாரியத்தின் அறிவிப்பு வரும்போதெல்லாம் ஊரிலிருந்தும் கல்லூரி ஜூனியர்களிடமிருந்தும் கேள்விகள் வரும். கட் ஆஃப் எவ்வளவு, எத்தனை கட்டம், கையில் எவ்வளவு வரும். உள்ளே என்ன வேலை என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. தேர்வும் அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்பதில்லை.

பதவியின் முழுப் பெயர் கமர்ஷியல் கம் டிக்கெட் கிளார்க். என்.டி.பி.சி. என்று ரயில்வே நடத்தும் தேர்வில் வரும் பதவிகளில் ஒன்று. பன்னிரண்டாம் வகுப்புத் தேறியிருந்தால் விண்ணப்பிக்கலாம். ஊதிய நிலை 3, அடிப்படைச் சம்பளம் 21,700 ரூபாய், அதன்மேல் பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி. பட்டதாரிகள் இதே துறையில் சூப்பர்வைசராக 6-ஆம் நிலையில், 35,400 ரூபாயில் நுழையலாம். ஸ்டேஷன் மாஸ்டரும் அதே 6-ஆம் நிலைதான். ஆனால் பன்னிரண்டாம் வகுப்புப் பதவியில் வந்து உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் பி.இ., எம்.எஸ்சி., எம்.பி.ஏ. என்று எல்லாம் இருக்கும். நான் பி.எஸ்சி. கணிதம். கணிதம் எதற்கு உதவியது என்றால், தேர்வுக்கு உதவியது. அதற்குப் பிறகு தேவைப்பட்டது கூட்டல் கழித்தல் மட்டும்.

முதல் கட்டத்தில் 90 நிமிடத்துக்கு 100 கேள்விகள்: பொது அறிவு 40, கணிதம் 30, ரீசனிங் 30. தப்பான மூன்று விடைக்கு ஒரு மார்க் போய்விடும். இரண்டாம் கட்டத்தில் அதே 90 நிமிடத்துக்கு 120 கேள்விகள். தமிழிலேயே எழுதலாம், வினாத்தாள் மொழியை விண்ணப்பத்தில் தேர்ந்தெடுக்க வேண்டும். நேர்முகத் தேர்வு கிடையாது. இது நல்லதுதான். நேர்முகம் இருந்திருந்தால் எங்கள் வீட்டுப் பின்னணியில் நான் எங்கே போய் நின்றிருப்பேனோ தெரியாது. ஆனால் ஒரு வேலை, நாளெல்லாம் அந்நியர்களிடம் பேசுவதே அந்த வேலை, அதற்கு ஆள் எடுக்கும்போது அவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசுவதை யாரும் கேட்பதில்லை என்பது எனக்கு இன்னும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

நான் 2019 அறிவிப்பில் விண்ணப்பித்தவள். 35,000-க்குச் சற்று மேற்பட்ட இடங்கள், ஏறக்குறைய ஒன்றேகால் கோடி விண்ணப்பங்கள். மார்ச்சில் விண்ணப்பம். முதல் கட்டத் தேர்வு தொடங்கியது 2020 டிசம்பர் 28-ஆம் தேதி. கொரோனா நடுவில் வந்தது என்பது பாதிக் காரணம்தான், கொரோனா வருவதற்கு முன்பே ஒரு வருஷம் ஓடியிருந்தது. பல பகுதிகளாக நடந்து 2021 ஜூலையில் அந்தத் தேர்வு முடிந்தது. 2022 ஜனவரி நடுவில் முடிவுகள் வந்தபோது பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் பையன்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். கயாவில் ரயில் பெட்டிகள் எரிந்தன. இடங்களைப்போல் 20 மடங்கு பேரை இரண்டாம் கட்டத்துக்கு எடுக்கிறோம் என்று சொல்லிவிட்டு, ஒரே ஆளின் பெயரைப் பல ஊதிய நிலைகளில் எண்ணியிருந்தார்கள் என்பது அவர்கள் கோபம். கடைசியில் தனித்தனி ஆட்களாகவே 20 மடங்கு எடுப்பதாக மாற்றித் திருத்திய பட்டியல் வெளியிட்டார்கள். எங்கள் நிலைக்கு இரண்டாம் கட்டம் 2022 ஜூனில். அப்புறம் சான்றிதழ் சரிபார்ப்பு, மருத்துவப் பரிசோதனை. விண்ணப்பித்தபோது பள்ளிக்கூடம் போகாத என் அக்கா மகன், எனக்குப் பணி ஆணை வந்தபோது வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தான்.

இந்தக் காத்திருப்பில் ஒரு ஆபத்து இருக்கிறது. 2022 டிசம்பரில் செய்தித்தாள்களில் வந்ததை நினைவு வைத்திருப்பீர்கள். தமிழ்நாட்டைச் சேர்ந்த 28 பேர், அந்த வருஷம் ஜூன், ஜூலை மாதங்களில், புது டெல்லி ரயில் நிலையத்தின் பிளாட்பாரங்களில் நின்று, வருகிற போகிற ரயில்களையும் அவற்றின் பெட்டிகளையும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். தினம் 8 மணி நேரம், ஏறக்குறைய ஒரு மாதம். டிக்கெட் பரிசோதகர், கிளார்க் போன்ற பதவிகளுக்கு இதுதான் பயிற்சி என்று அவர்களிடம் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொருவரும் 2 லட்சத்திலிருந்து 24 லட்சம் வரை கொடுத்திருந்தார்கள். மொத்தம் 2 கோடியே 67 லட்சம் ரூபாய். வேலையும் இல்லை, பயிற்சியும் இல்லை, எல்லாமே மோசடி.

செய்தி வந்த அன்று வாட்ஸ்அப் குழுக்களில் சிரித்தார்கள். ரயிலை எண்ணச் சொன்னால் எண்ணுவானா ஒருத்தன் என்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரயில்வே வேலைக்குள் என்ன நடக்கிறது என்று வெளியே யாருக்குத் தெரியும்? அரசு வேலை என்றால் அர்த்தம் புரியாத எதையோ எட்டு மணி நேரம் செய்வது என்று பாதிப் பேர் நம்புகிறார்கள். ரயில் நிலையத்தில் நின்று பெட்டி எண்ணுவது அதற்கு வெகு பொருத்தமாக இருக்கிறது. போதாததற்கு, உண்மையான வழியில் போனாலும் ஆண்டுக்கணக்கில் ஒரு தகவலும் வராது. ரயில்வேயின் அதிகாரப்பூர்வ இணையதளங்களில் வராத எந்த ரயில்வே வேலையும் வேலை கிடையாது, இடையில் பணம் கேட்கிற எவரும் ரயில்வே கிடையாது. இதை என் ஊர் டீக்கடையில் எழுதி ஒட்டலாமா என்றுகூட யோசித்திருக்கிறேன்.

மருத்துவப் பரிசோதனை எனக்குப் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஏ-2 வகை, கண்ணாடி இல்லாமல் பார்வை சரியாக இருக்க வேண்டும். எங்கள் பதவிக்கு பி-2, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தால் போதும். பட்டதாரிப் பதவிகளுக்கு விண்ணப்பிக்கும் கண்ணாடிக்காரப் பிள்ளைகள் ஆசையாக ஸ்டேஷன் மாஸ்டரை முதல் விருப்பமாகப் போட்டுவிட்டு, எல்லாத் தேர்வும் தேறி, கடைசியில் கண் மருத்துவர் முன்னால் நிற்கிறார்கள். மருத்துவத் தரம் அறிவிப்பிலேயே பட்டியலாக இருக்கும். யாரும் அந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை.

பயிற்சி திருச்சியில். கட்டண விதிகள், லக்கேஜ், பார்சல், சரக்கு, சலுகை வகைகள், 1989 ரயில்வே சட்டம். சரக்கு வேகனுக்கு எப்படி வாடகை போடுவது என்றெல்லாம் படித்தேன். டிக்கெட் கிளார்க் என்று நாம் நினைத்தாலும் பெயரில் முதலில் நிற்பது கமர்ஷியல், பார்சல் ஆபீஸிலோ கூட்ஸ் ஷெட்டிலோ போட்டாலும் போக வேண்டும். என்னோடு படித்த ஒரு பெண் இன்றைக்கு சிமென்ட் மூட்டைக் கணக்கோடு இருக்கிறாள். பயணி முகத்தையே பார்க்காத நிம்மதி என்கிறாள்.

கவுன்டரில் உட்காருவதற்கு முன்னால் செய்ய வேண்டிய முதல் காரியம், கைப்பையில் நம் சொந்தப் பணம் எவ்வளவு இருக்கிறது என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவது. 340 ரூபாய் கொண்டுவந்தால் 340 என்று எழுத வேண்டும். நடுவில் ரயில்வேயின் கண்காணிப்புப் பிரிவான விஜிலன்ஸ் வந்து எண்ணிப் பார்த்தால், விற்ற டிக்கெட்டின் தொகையும் எழுதிய சொந்தப் பணமும் சேர்ந்து கையில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். கூடுதலாக இருந்தால் பயணிகளிடம் அதிகம் வாங்கியதாகச் சந்தேகம். சில நேரம் அவர்களே பயணி மாதிரி வரிசையில் வந்து டிக்கெட் எடுத்து, பாக்கி சரியாகக் கொடுக்கிறோமா என்று பார்ப்பார்கள். அதனால் வரிசையில் நிற்கிற யாரும் வெறும் பயணிதான் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. இந்த நினைப்பு முதல் சில மாதங்கள் கழுத்தில் உட்கார்ந்திருக்கும். பிறகு பழகிவிடும்.

அப்புறம் டிக்கெட் ரோல். ரோலில் அச்சாகியிருக்கிற எண்ணும் கணினி காட்டுகிற எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முதல் டிக்கெட். ஷிப்ட் முடிந்ததும் கணக்கு முடித்து, பணத்தை எண்ணி ஒப்படைக்க வேண்டும். குறைந்தால் நம் கையிலிருந்து போட வேண்டும். கூடினால் அது ரயில்வேக்கு. குறைவு நம்முடையது, கூடுதல் அவர்களுடையது என்பதை முதலில் கேட்கும்போது அநியாயமாகத் தோன்றும். ஆனால் கூடுதலை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று ஒரு விதி இருந்தால் சென்னையில் யாருக்குமே பாக்கி கிடைக்காது, அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

புறநகர் ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். பீச்சிலிருந்து தாம்பரம் வரைக்கும் 10 ரூபாய். இந்த விலையில் இந்த ஊரில் வேறு என்ன கிடைக்கும் என்று தெரியவில்லை. இந்த மலிவில்தான் எங்கள் பிழைப்பின் சிரமமே இருக்கிறது. காலை ஏழரைக்கு, பின்னால் இருபது பேர் நிற்க, 5 ரூபாய் டிக்கெட்டுக்கு 500 ரூபாய் நோட்டு வரும். "சில்லறை இல்லையா சார்?" என்றால் "நீங்கதான் வச்சிருக்கணும்" என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 495 ரூபாயை எண்ணிக்கொடுக்கிற நேரத்தில் வண்டி வந்துவிடும், பின்னால் நிற்பவர் என்னைத் திட்டுவார், 500 ரூபாய்க்காரரைத் திட்டமாட்டார். இப்போது கவுன்டரில் க்யூஆர் திரை வைத்த பிறகு இது கொஞ்சம் குறைந்திருக்கிறது. அதற்குப் பதிலாக "பணம் போயிடுச்சு மேடம்", "எனக்கு வரலை சார்" என்கிற வேறொரு உரையாடல் வந்திருக்கிறது.

ஊர்ப் பெயர்களை மனப்பாடம் செய்தது பயிற்சியில் இல்லை, கவுன்டரில்தான். நிலையத்தின் அதிகாரப்பூர்வப் பெயரைச் சொல்லி டிக்கெட் கேட்பவர்கள் குறைவு. சென்னைக் கடற்கரை என்று யாரும் கேட்டு நான் கேட்டதில்லை, அது பீச். பரங்கிமலை என்றால் மவுன்ட். "ஏர்போர்ட்" என்றால் திரிசூலம். "ஜி.எச்." (அரசு பொது மருத்துவமனை) என்றாலும் "சென்ட்ரல்" என்றாலும் பார்க். "தி.நகர்" என்றால் மாம்பலம். 2023 டிசம்பர் 30-ஆம் தேதி கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபோது அதற்கென்று ரயில் நிலையம் இல்லை. தென் மாவட்டப் பேருந்துகள் அங்கே மாறியதும், பெட்டியும் பையுமாகக் குடும்பம் குடும்பமாக வந்து "கிளாம்பாக்கம் நாலு" என்று கேட்கத் தொடங்கினார்கள். வண்டலூர் கொடுப்பதா, ஊரப்பாக்கம் கொடுப்பதா? இறங்கி எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், ஆட்டோ கிடைக்குமா, கூட இருக்கிற பாட்டி படி ஏறுவாரா? நான்கு டிக்கெட் அச்சாக ஆகும் நேரம் சில நொடிதான். அந்தக் கேள்விகளுக்கு ஆகும் நேரம் எந்தக் கணக்கிலும் வராது.

டிக்கெட் கொடுப்பது இந்த வேலையின் சின்னப் பகுதி என்று சொன்னால் நம்பமாட்டார்கள். பீச்சிலிருந்து வேளச்சேரிக்கு மேம்பாலத்தில் போகும் பறக்கும் ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். பீச் - எழும்பூர் நான்காவது தடம் போடுவதற்காக, 2023 ஆகஸ்ட் 27 முதல் பீச்சுக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே பறக்கும் ரயிலை நிறுத்தினார்கள். ஏழு மாதம் என்று அறிவிப்பு. மறுபடி ஓடியது 2024 அக்டோபர் 29-ஆம் தேதி. அந்தப் பதினாலு மாதமும், வேளச்சேரி போகிறவர் எங்கே இறங்கி, எப்படிச் சிந்தாதிரிப்பேட்டை போய் ஏறுவது என்று சொன்னது யார்? திட்டம் போட்ட பொறியாளர் பயணி முன்னால் வரமாட்டார். அறிவிப்புப் பலகை இருந்தது, ஒலிபெருக்கி இருந்தது. இருந்தாலும் மனிதர்கள் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற இன்னொரு மனிதரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளத்தான் விரும்புகிறார்கள். "எப்பம்மா திரும்ப விடுவாங்க?" என்பதற்கு என்னிடம் என்ன பதில் இருக்கும்? "சொல்வாங்க சார்." யார் சொல்வார்கள், எப்போது சொல்வார்கள் என்று எனக்கும் செய்தித்தாள் பார்த்துத்தான் தெரியும்.

மழைக்காலத்தில் இது இன்னும் மோசம். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் அன்று மின்சார ரயில்கள் ஓடவில்லை. அந்த மாதிரி நாட்களில் கவுன்டரில் இருப்பவரிடம் விற்க எதுவும் இருக்காது, ஆனால் கூட்டம் இருக்கும். ஸ்டேஷன் மாஸ்டர் இல்லாத சின்ன நிலையங்களும் உண்டு, அங்கே பயணிக்கு ரயில்வே என்றால் அந்த கவுன்டர் ஆள் ஒருவர்தான். மயங்கி விழுந்தவர், பிள்ளையைத் தவறவிட்டவர், பர்ஸ் பறிகொடுத்தவர், பெண்கள் பெட்டியில் ஆண்கள் ஏறிவிட்டார்கள் என்று புகார் சொல்ல வந்தவர், எல்லோரும் இந்தத் துவாரத்துக்குத்தான் வருவார்கள். 139-க்குச் சொல்லுங்கள் என்று எண் கொடுப்பதோடு விட்டுவிடலாம், விதிப்படி அதுவே போதும். கதவைத் திறந்துகொண்டு வெளியே போகவும் முடியாது, உள்ளே பணம் இருக்கிறது.

நான் வேலைக்குச் சேரப் போகிறேன் என்றதும் அம்மா 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் நிலையத்தில் நடந்ததைத்தான் சொன்னாள். காலை நேரம், பிளாட்பாரத்தில் அத்தனை பேர் இருக்கும்போது ஒரு பெண்ணை வெட்டிக் கொன்றுவிட்டுப் போனான் ஒருவன். நிலையத்தில் ஒரு கேமராகூட இல்லை என்பது அப்போது பெரிய பேச்சாக இருந்தது. அதன் பிறகுதான் கேமரா, பாதுகாப்பு எல்லாம் பேச ஆரம்பித்தார்கள். அம்மாவுக்குப் பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அதிகாலை நாலு மணிக்கே முதல் வண்டிகள் கிளம்பிவிடும், அதற்கு முன் கவுன்டர் திறந்திருக்க வேண்டும். பெண்கள் விண்ணப்பிக்கும்போது இந்த நேரங்களை யோசித்துத்தான் ஆக வேண்டும். யோசித்துவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்கிறேன், வராதீர்கள் என்று சொல்லவில்லை. பெண்கள் கவுன்டரில் இருந்தால் இரவில் தனியாக வருகிற பெண்கள் துவாரத்துக்குப் பக்கத்திலேயே நிற்பார்கள். ஒன்றும் பேசமாட்டார்கள், வண்டி வரும்வரை நிற்பார்கள்.

எங்கள் சூப்பர்வைசர் ஓய்வு பெறும் வயதில் இருப்பவர். அட்டை டிக்கெட் காலத்து ஆள். தடித்த அட்டை, அதில் தேதி குத்துவதற்கு ஒரு இயந்திரம், டக் டக்கென்று சத்தம். மீட்டர் கேஜ் என்கிற பழைய குறுகலான தண்டவாளத்தில் மின்சார ரயில் ஓடிய நாட்களைப் பற்றிப் பேசினால் அவரை நிறுத்த முடியாது. 1931-இல் ஆரம்பித்த அந்த பீச் - தாம்பரம் மீட்டர் கேஜ் சேவை 2004-இல்தான் முடிந்தது. "அப்பல்லாம் கியூன்னா கியூ, இப்ப என்ன, பாதிப் பேரு போன்லயே எடுத்துட்டுப் போயிடறான்" என்பார். கூட்டம் குறைந்துவிட்டது, உனக்கெல்லாம் வேலையே இல்லை என்பது அவர் கட்சி.

இந்த ஒரு விஷயத்தில் அவரோடு எனக்கு ஒத்துப்போகாது. முன்பதிவில்லாத டிக்கெட்டை போனிலேயே எடுக்கும் யூடிஎஸ் செயலி 2015-இலேயே சென்னையில் வந்துவிட்டது. நடைமேடை அருகே நிற்கும் தானியங்கி இயந்திரங்களில், ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர்கள் கமிஷனுக்கு நின்று டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறார்கள். 2025 ஜூலையில் ரயில்ஒன் என்று இன்னொரு செயலி. இவற்றில் யாரெல்லாம் போகிறார்கள்? தினமும் போகிறவர், போகும் இடம் தெரிந்தவர், கையில் போன் உள்ளவர், அவசரத்தில் இருப்பவர். அதாவது "ஒரு பீச்" என்று சொல்லி, சரியான சில்லறையை வைத்துவிட்டு மூன்று நொடியில் நகர்கிறவர். அவர்தான் எங்களுக்கு மூச்சு விட இடம் கொடுத்தவர். அவர் போய்விட்டார். வரிசை சுருங்கியது உண்மைதான், ஆனால் மீதி நிற்கிற ஒவ்வொருவரும் ஒரு கதையோடு நிற்கிறார். கண் தெரியாத தாத்தா. எழுதப் படிக்கத் தெரியாதவர். மகன் போனில் எடுத்துத் தந்த டிக்கெட்டைத் திறக்கத் தெரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு டிக்கெட் கேட்கிற அம்மா. கூடை கூடையாகப் பூவும் கீரையும் வைத்துக்கொண்டு லக்கேஜ் கட்டணம் பற்றிச் சண்டை போடுகிறவர். ஜூன், ஜூலையில் மாணவர் சலுகை சீசன் டிக்கெட்டுக்கு, கல்லூரி முத்திரை தப்பான இடத்தில் விழுந்த படிவத்தோடு வருகிற பிள்ளைகள். நூறு சுலபமான டிக்கெட்டைவிட இந்தப் பத்துப் பேர் அதிக வேலை. எண்ணிக்கையைப் பார்த்து ஆட்களைக் குறைக்கிறவர்கள் இதை எந்தப் பட்டியலில் பார்ப்பார்கள் என்று எனக்குப் புரியவில்லை. விற்ற டிக்கெட்தான் கணக்கில் வரும். விற்காமல் சொல்லி அனுப்பியது வராது.

மொழி விவகாரத்தையும் சொல்லிவிடுகிறேன், கேட்காமல் விடமாட்டீர்கள். தேர்வு நாடு முழுவதற்கும் பொது. சென்னை வாரியத்துக்கு யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம், அதனால் கவுன்டர்களில் பீகார், ராஜஸ்தான், கேரளம் என்று எல்லா ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள். தமிழ் தெரியாதவரை டிக்கெட் கொடுக்க உட்காரவைப்பது தப்பு என்பதுதான் என் கட்சி. வேலையில் சேருவதற்கு முன்பே பேசுகிற அளவுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு உட்காரவைக்கலாம், அது ஒன்றும் மலையைப் புரட்டுகிற காரியம் கிடையாது. மொழி புரியாமல் போவது இந்தத் துறையில் எவ்வளவு ஆபத்து என்பது தெரிந்ததுதான். 2019 மே மாதம் திருமங்கலம் பக்கம் ஒரே தடத்தில் எதிரெதிராக இரண்டு ரயில்களுக்கு வழி கொடுக்கப்பட்டு, நல்ல வேளையாக விபத்து தவிர்ந்தது. ஸ்டேஷன் மாஸ்டர்கள் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாததும் காரணமாகச் சொல்லப்பட்டது. அதற்கு வந்த மருந்து என்ன தெரியுமா? கட்டுப்பாட்டு அறையும் ஸ்டேஷன் மாஸ்டரும் இந்தியிலோ ஆங்கிலத்திலோ மட்டும் பேச வேண்டும் என்று அடுத்த மாதமே ஒரு சுற்றறிக்கை. எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

ஆனால் என் பக்கத்து கவுன்டரில் இருக்கிற பீகார்ப் பையனைப் பற்றியும் சொல்ல வேண்டும். வந்த வாரமே "சில்லறை இருந்தா குடுங்கக்கா" என்று கற்றுக்கொண்டான். எல்லாரையும் அக்கா, அண்ணா என்று கூப்பிடுவதால் அவன் கவுன்டரில் சண்டை குறைவு, என் கவுன்டரில் அதிகம். நான் அவனிடமிருந்து "கஹாங் ஜானா ஹை" (எங்கே போகணும்), "சுட்டா தோ" (சில்லறை குடுங்க) கற்றுக்கொண்டேன். விடியற்காலையில் மூட்டையோடு வந்து, யாரோ எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டை நீட்டுகிற கட்டட வேலைக்காரர்களுக்கு அது தேவைப்படுகிறது. சீட்டில் பெரும்பாலும் நிலையத்தின் பெயர் இருக்காது, கம்பெனியின் பெயர் இருக்கும், அல்லது மேஸ்திரியின் போன் எண். போன் போட்டு மேஸ்திரியிடம் தமிழில் நான் கேட்டு, அவன் இந்தியில் சொல்லி, கடைசியில் சிங்கப்பெருமாள்கோவில் என்று தெரியும்.

டிக்கெட் பரிசோதகர் வேலை இதைவிட நல்லதா என்று கேட்கிறவர்களுக்குச் சுருக்கமாக: அது நின்று, நடந்து, திட்டு வாங்குகிற வேலை. டிக்கெட் இல்லாவிட்டால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம். 5 ரூபாய் டிக்கெட் எடுக்காதவரிடம் 250 கேட்டால் என்ன நடக்கும் என்று ஊகிக்கலாம். 2025 ஏப்ரல் 19 முதல் எங்கள் தடத்தில் ஏ.சி. மின்சார ரயில் ஓடுகிறது, அதில் குறைந்தபட்சமே 35 ரூபாய். சாதாரண டிக்கெட்டை வைத்துக்கொண்டு "அதே தடம்தானே சார்" என்று ஏறி நிற்பவர்களிடம் நாள் முழுக்க விளக்குவது அவர்கள் பாடு.

மெட்ரோவைப் பற்றியும் கேட்கிறார்கள். 2015 ஜூன் 29-இல் ஆலந்தூர் - கோயம்பேடு தடத்தோடு தொடங்கியது சென்னை மெட்ரோ. நிலையங்கள் பளபளவென்று இருக்கின்றன, குளிர்ச்சி இருக்கிறது. ஆனால் அங்கே பயணிகளுக்கு எதிரே நிற்கிற வேலைகளில் பலவும் ஒப்பந்த நிறுவனங்கள் மூலம் வருபவை. உடுப்பைப் பார்த்து ஒரே வேலை என்று நினைத்துவிடாதீர்கள், பணி ஆணையில் யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று பாருங்கள்.

2024 அறிவிப்பில் பன்னிரண்டாம் வகுப்பு நிலையில் மொத்தம் 3,445 இடங்கள், அதில் எங்கள் பதவிக்கு மட்டும் 2,022. பாதிக்கு மேல் இதுதான். கவுன்டர் ஒழிந்துவிடும் என்று சொல்கிறவர்களிடம் நான் காட்டுவது இந்த எண்ணைத்தான். அடுத்த அறிவிப்புக்குத் தயாராகிறவர்கள் ரீசனிங் படிப்பதோடு, ஒரு நாள் சாயந்திரம் ஆறு மணிக்கு மாம்பலத்திலோ தாம்பரத்திலோ கவுன்டர் பக்கத்தில் சும்மா நின்று கேட்டுப் பாருங்கள். பிடித்திருந்தால் விருப்பப் பட்டியலில் மேலே போடுங்கள், இல்லாவிட்டால் டைப்பிஸ்ட் பதவிகளை மேலே போட்டுவிட்டு டைப்பிங் பழகுங்கள். இன்னொன்று, பொதுப் பிரிவு ஆண்களுக்கு விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாய், முதல் கட்டத் தேர்வுக்குப் போய் உட்கார்ந்தால் அதில் 400 திரும்ப வரும். பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் 250, தேர்வுக்குப் போனால் வங்கிக் கழிவு போக எல்லாமே திரும்பும். வங்கிக் கணக்கு எண்ணைச் சரியாகப் போடுங்கள்.